ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கண்ணாடி

நேற்று மாலை நடையில் உங்களில் ஒருவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, எதிர்க்கரையில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடியைத் திட்டினார். அதன் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சாயங்கால வெயில் அதில் பட்டு, ஏரியைத் தாண்டி நம் முகத்தில் அடிக்கிறது. எல்லோரும் சேர்ந்து திட்டும்போது நான் மட்டும் சிரித்தேன். ஏன் என்று கேட்டீர்கள். நடந்துகொண்டே கதை சொல்லும் அளவுக்கு இப்போது எனக்கு மூச்சு பத்துவதில்லை, அதனால் எழுதிவிட்டேன். சர்க்கரை, முட்டிவலி, மருமகள் மூன்றையும் ஒரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டுப் படியுங்கள்.

நம் ஏரிக்கு அப்போது வேலியும் கிடையாது, நடைபாதையும் கிடையாது. மேற்குக் கரையில் எங்கள் தெரு, ஒற்றை வரிசையில் ஓட்டு வீடுகள். பின்கதவைத் திறந்தால் கிணறு, துவைக்கிற கல், அதற்கப்பால் தண்ணீர். மழை முடிந்த கையோடு ஏரி ததும்பி நிற்கும். ஈர மண்ணும் பாசியும் எருமையும் கலந்த ஒரு வாசனை சமையலறை வரைக்கும் வரும். காற்று திரும்பினால் தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார்கள். அந்தச் சுவர்தான் இந்தக் கதையில் முக்கியம்.

கிழக்குக் கரை முழுக்க வயல். அந்த வருஷம் அங்கே ஒரு மாடி வீடு எழும்பியது. மொசைக் தரை, சுற்றுச்சுவரில் சிமெண்ட் அன்னங்கள், வாசலில் அம்பாஸடர். கட்டியவர் ஒரு காலத்தில் தாம்பரம் ரயில்வே கேட் பக்கத்தில் சலூன் வைத்திருந்தவர். எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் அவரிடம்தான் தலையைக் கொடுத்தார்கள். நானும் பாப் கட்டிங்குக்காக, நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் கீழ்மூலையில் சில்லு பெயர்ந்த இடத்தை மறைக்க ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்.

முடிவெட்டிக்கொள்ளும்போது மனிதர்கள் எதைப் பேசுவார்கள்? யார் நிலத்தை விற்கப்போகிறார், யாருக்குப் பெண் கல்யாணத்துக்கு அவசரம், எந்த வயல் வழியாக ரோடு வரப்போகிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கத்தரித்தவர், ஒரு நாள் ஊரப்பாக்கம் பக்கம் ஒரு நிலத்துக்குத் தரகு பேசினார். அப்புறம் அவரே வாங்கி மனை பிரித்தார். எங்கள் ஆட்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசித் தீர்த்த பேச்சுதான் அவருக்கு மூலதனம். அது எங்கள் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு வீடு வீடாக வந்து பத்திரிகை வைத்தார். எல்லோரும் போனார்கள். மொசைக்கைக் காலால் தேய்த்துப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து மூடினார்கள், தாம்பூலம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒருவர்கூடக் கை நனைக்கவில்லை. ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அங்கே இலை போட்டுச் சாப்பிடுவது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டால் சரிசமம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. ஒருத்தருக்கு வயிறு சரியில்லை, ஒருத்தருக்கு விரதம், என் அப்பாவுக்கு ஆபீசில் அவசர வேலை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பந்தியில் விரித்த இலைகள் காற்றில் பறந்ததை எங்கள் பின்வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது.

அந்த வருஷம்தான் என் சித்தி எங்களோடு இருந்தாள். அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அக்கா வீடுதான் அவளுக்கு வீடு. தபால் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள், வைகாசியில் கடைசிப் பரீட்சை. அதில் தேறிவிட்டால் கல்லூரியில் வேலைக்குப் போகலாம், சொந்தக் காலில் நிற்கலாம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் படித்ததில் ஓர் அமெரிக்க நாவல் இருந்தது. பணத்தைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒருவனைப் பற்றியதாம். அதில் வரும் எந்தப் பொருளும் வெறும் பொருள் இல்லை, எல்லாம் இன்னொன்றுக்குக் குறியீடு, பரீட்சைக்கு அதுதான் முக்கியமான கேள்வி என்பாள். அப்படியானால் இந்தத் தம்ளர் எதற்குக் குறியீடு என்று கேட்டேன். இது தம்ளர்தான், பாலைக் குடி என்றாள். அந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்று கேட்டால் மட்டும், இன்னும் படித்து முடிக்கவில்லை என்று நழுவிவிடுவாள்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அந்த வெளிச்சம் வந்தது.

மாடி வீட்டின் நெற்றியில் பெரிய கண்ணாடி ஒன்றைச் சற்றே சாய்த்து மாட்டியிருந்தார்கள். திருஷ்டிக் கண்ணாடி என்று பேச்சு. சாயங்காலம் வெயில் இறங்கும்போது அதிலிருந்து ஒரு வட்டம் புறப்பட்டு, தண்ணீர்மேல் நடந்து வந்து, கரை ஏறும். ஏதாவது ஒரு வீட்டுப் பின்சுவரில் மெதுவாக மேலே போய், ஓட்டில் ஏறி, காணாமல் போகும். மொத்தமே சில நிமிஷம்தான். நிழலில் கிடக்கும் சுவரில் திடீரென்று மஞ்சள் வட்டம் ஏறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. பள்ளியிலிருந்து ஓடியே வருவேன்.

முதலில் அது தெருவின் வடக்குக் கோடியில், கம்பவுண்டர் வீட்டுச் சுவரில் விழுந்தது. மாடி வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு வருகிற கண்ணேற்றையெல்லாம் நம் பக்கம் திருப்பி அனுப்புகிறார் என்று கம்பவுண்டர் மனைவி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். அந்த வாரமே அவருடைய மூத்த மகனுக்கு வேலை உத்தரவு வந்தது. எலுமிச்சம்பழம் அன்று மாலையே கழற்றப்பட்டது. சில நாளில் வெளிச்சம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. அங்கே பல வருஷமாகக் குழந்தையில்லாத தையற்காரர் மனைவி வாந்தி எடுத்தார். அதற்கடுத்து மரக்கடை பாய் வீடு. அவருக்குப் பள்ளிக்கூடப் பெஞ்சு செய்யும் பெரிய ஆர்டர் கிடைத்தது. பாய் மட்டும் சிரித்தார், டெண்டர் போட்டது போன வருஷம் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் வெளிச்சம் விழுந்த வாரம் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. அது வெளிச்சம் வருவதற்கு முன்பே எரியவேண்டிய மோட்டார் என்று அவரே விளக்கம் சொன்னார்.

சூரியன் வடக்கே நகர நகர, கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சம் தெற்கே நகரும். பின்னால் பள்ளியில் படித்தபோது எனக்கு விளங்கியது. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. யாரோ திருப்பாமல் வெளிச்சம் எப்படி வீடு வீடாகப் போகும்? மாடி வீட்டுக்காரர்தான் இன்னாருக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போட்டுத் திருப்புகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது முதல் கரையில் அவரைப் பார்த்தால் சௌக்கியமா என்று விசாரித்தார்கள். அவர் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், அவர் வீட்டு வெளிச்சம் மட்டும் வேண்டும். இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

எங்கள் முறை நெருங்கியபோது அப்பா நிலைகொள்ளாமல் தவித்தார். அவர் மனதில் இருந்தது சித்தியின் கல்யாணம். படப்பையில் அரிசி மில் வைத்திருந்த குடும்பத்தில் ஒரு வரன் வந்திருந்தது. பெரிய இடம். பையன் வீட்டார் ஒன்று மட்டும் சொல்லியிருந்தார்கள், கல்யாணம் சித்திரையிலேயே முடியவேண்டும், அதற்குமேல் படிப்பு பரீட்சை என்று எதுவும் கூடாது, மில்லைக் கவனித்துக்கொண்டால் போதும். பரீட்சை எழுதிவிடுகிறேனே என்று சித்தி அம்மா வழியாகச் சொல்லிப் பார்த்தாள். படிப்பு எங்கே ஓடிப்போகிறது, இப்படி ஒரு இடம் திரும்ப வருமா என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. மச்சினியை நெல்லும் பணமும் கொட்டிக்கிடக்கும் வீட்டில் சேர்த்துவிட்டால் தன் கடமை தீர்ந்தது என்று மனதார நம்பினார். அதனால்தான் அவரிடம் நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்ல சித்தியால் முடியவில்லை.

தரகர் மூலம் வெளிச்சத்தின் பெருமையெல்லாம் படப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. பையனின் அம்மாவுக்குச் சகுனத்தில் அபார நம்பிக்கை. வெளிச்சம் உங்கள் வீட்டில் இருக்கிற வாரத்திலேயே வருகிறோம், அது சுவரில் ஏறும்போதே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். பெண் பார்ப்பதும் நிச்சயமும் ஒரே நாளில். அப்பா பின்தாழ்வாரத்துக்கு ஜமக்காளம் இரவல் வாங்கினார்.

அதற்கு முதல் நாள் மத்தியானம் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, கரையைச் சுற்றி நடந்தாள். எங்கே போகிறோம் என்பது அன்னங்கள் வைத்த கேட்டைத் திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மாடி வீட்டுக்காரர் பனியனோடு ஊஞ்சலில் இருந்தார். எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா தங்கச்சி, இந்தப் பக்கம்?"

சித்தி உட்காரவில்லை. "நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வராங்க. அந்த வெளிச்சம் விழுந்தா கல்யாணம் முடிவாயிடும். நான் பரீட்சை எழுதணும். நாளைக்கு ஒரு நாள் மட்டும் கண்ணாடிய வேற பக்கம் திருப்பிடுவீங்களா?"

அவர் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "நான் எங்கம்மா திருப்பறேன்? அது பாட்டுக்கு நவுந்துகினு கீது. உங்க தெருவுல இன்னா இன்னாவோ பேசிக்கினு கீறாங்கன்னு காதுல வுழுந்திச்சு. போய்ச் சொன்னா நம்பவா போறாங்கன்னு வுட்டுட்டேன்."

எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்மூலையில் பாதி உரிந்த ரோஜாப்பூ ஸ்டிக்கர். "இது நம்ம கடைக் கண்ணாடி" என்று கத்திவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கடையை விற்கும்போது நாற்காலி, கத்தி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாராம், இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. கூடத்தில் மாட்டலாம் என்றால், புது வீட்டில் பழைய சாமான் எதற்கு என்று பிள்ளைகள் சண்டை. திருஷ்டிக்கு ஆகும் என்று மேஸ்திரி தூக்கி மேலே கட்டிவிட்டார். இதுதான் எங்கள் தெருவையே ஆட்டிவைத்த ரகசியம்.

"மூடிட்டா போச்சு. நீ போய் நல்லா படி" என்றார்.

கீழே இறங்கியபோது அவர் மனைவி வாசல் பக்கம் நின்றிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது முகத்தில் தெரிந்தது. "சாப்புடற நேரம். சாப்ட்டுட்டுப் போறீங்களா?"

சித்தி ஒரு நொடிதான் யோசித்தாள். "போடுங்கக்கா, பசிக்குது" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏரி விரால் மீன் குழம்பு, சுடுசோறு, சுட்ட அப்பளம். அந்த அம்மா எங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இலையில் முள் எடுத்த மீனை வைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் புளிப்பு என் நாக்கில் இருக்கிறது. திரும்பி வரும்போது சித்தியிடம் கேட்டேன், அந்த நாவல்காரன் நல்லவனா கெட்டவனா. "அவன் வீட்டுல யாராவது மனசாரச் சாப்ட்டாங்களான்னு இனிமேதான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் படப்பையிலிருந்து இரண்டு காரில் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, மல்லிகைப் பூ, அப்பாவின் வேர்த்த நெற்றி. சித்தி பட்டுப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் பெண்ணை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். வெயில் நன்றாகவே அடித்தது. ஏரி மினுங்கியது. மாடி வீட்டின் நெற்றியில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. முடிவெட்டும்போது கழுத்தில் கட்டுகிற வெள்ளைத் துணி அது என்று எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரியும். சுவர் நிழலாகவே இருந்தது. பிறகு இருட்டத் தொடங்கியது. பையனின் அம்மா மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்து, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தார். யாரும் கை நனைக்கவில்லை. கேசரியை நாங்கள்தான் தின்று தீர்த்தோம். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று பிறகு சேதி வந்தது.

மறுநாள் சாயங்காலம் வட்டம் வழக்கம்போலத் தண்ணீர்மேல் நடந்து வந்து எங்கள் சுவரில் ஏறியது. அப்பா அதைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் கரையைச் சுற்றிப் போனார். நான் பின்னால் ஓடினேன். மாடி வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"நேத்து கண்ணாடிய மூடினது யாரு?"

"நான்தான் சார்."

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "மூடணும்னு தோணிச்சு சார். மூடிட்டேன்."

அப்பா அதற்குச் சொன்ன வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். அவருடைய பழைய தொழிலை வைத்துச் சொன்னது. கூடத்திலிருந்த அவர் மனைவிக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து நான் அழுதுகொண்டே சொன்னதும் சித்தி, போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இப்போது வாயைத் திறந்தால் பரீட்சை போய்விடும், எழுதி முடி, அப்புறம் உன் இஷ்டம் என்றாள். அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். எங்களுக்குத் தெற்கேயிருந்த வீடுகளுக்கு முறையே வரவில்லை. அந்தக் கோபத்தையும் அவர் தலையில்தான் போட்டார்கள். அடுத்த தை மாதம் சாயங்காலங்களில் தெருவே பின்வாசலில் நின்றது. ஒருவர் துணி மடித்தார், ஒருவர் முருங்கைக்காய் பறித்தார். எதற்காக நிற்கிறோம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா சாய்வு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்.

சித்தி தேறினாள். அந்த வருஷமே ஒரு மகளிர் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. உத்தரவு வந்த அன்று அப்பாவுக்கு இருந்த பெருமை சித்திக்குக்கூட இல்லை. கல்யாணத்துக்காக வந்ததல்ல அந்த வெளிச்சம், உன் வேலைக்காகத்தான் வந்திருக்கிறது, நம் சுவரில் விழுந்தது வீண்போகுமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ராத்திரி பகல் படித்தது நானா வெளிச்சமா என்று சித்தி கேட்கவில்லை. முதல் சம்பளத்தில் மைசூர்பாகு வாங்கி வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"மாமா, வெளிச்சம் அவர் வீட்டுதுதானே. அவருக்கு ஸ்வீட் கொடுக்காம எப்படி? நீங்களும் வாங்க."

அப்பாவால் தப்ப முடியவில்லை. தன் வாயாலேயே தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். போகிற வழியில் கரையில் வைத்துச் சித்தி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா நின்றுவிட்டார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். ஏரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு முன்னால் நடந்தார்.

மாடி வீட்டுக்காரரின் மனைவி சித்தியைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் இலை போட்டார். அப்பாவுக்கும் போட்டார். அப்பா உட்கார்ந்தார். கண்ணாடி இப்போது கூடத்துச் சுவரில், அவருக்கு நேர் எதிரே இருந்தது, ரோஜாப்பூ ஸ்டிக்கரோடு. அப்பா சோற்றைப் பிசைந்தார், ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தண்ணீர்ச் செம்போடு மாடி வீட்டுக்காரர் வந்து அவருக்குப் பின்னால் நின்றார். பலகையில் உட்கார்ந்து நான் எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான், கண்ணாடியில் அப்பா உட்கார்ந்திருக்க, அவர் பின்னால் நிற்க. அப்பா நிமிர்ந்து கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். பேசியதும் அந்த முகத்திடம்தான்.

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. ஏன் நிக்கறீங்க? நீங்களும் உக்காருங்க."

அதுவரை அவரை நீ என்றே அழைத்தவர் என் அப்பா. மாடி வீட்டுக்காரர் செம்பைக் கீழே வைத்தார். அவர் மனைவி இன்னொரு இலை போட்டார்.